பதின்மூன்று டிக்கெட்டுகள்

அன்றைக்கு டயர் கொட்டகைக்கு வந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

தலைவர் வந்தார். தெங்கேரா பஸ்ஸில் கண்டக்டர். யூனியனில் அவர்தான் மூத்தவர்.

செக்கரின் அக்காள் மகன் வந்தான். அவனும் கண்டக்டர்தான். செக்கர் என்றால் நடுவழியில் பஸ்ஸில் ஏறி டிக்கெட்டைச் சோதிக்கிறவர். கம்பெனியின் கண். அதனால் அவர் மருமகன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் ஓடிய சீனர்கள் இரண்டு பேர். அண்ணனும் தம்பியும். தம்பிக்கு இங்கிலீஷ் எழுத வரும்.

ஆயர் குரோ பக்கம் ஓடிய மலாய்க்காரர்கள் மூன்று பேர்.

ஒரே எஸ்டேட்டிலிருந்து டவுனுக்கு வந்த தமிழர்கள் ஐந்து பேர். எங்கே போனாலும் ஐந்து பேராகத்தான் போவார்கள்.

நான்.

கடைசியாக, வேலை போனவன். அவனுக்காகத்தான் கூட்டம்.

எல்லாரும் கண்டக்டர்கள். இரண்டரையிலிருந்து நான்கு மணி வரை பஸ்கள் டிப்போவில் நிற்கும். அந்த நேரத்தில் கூடினோம். காஜா பேராங்கில் பழைய டயர் வாங்கி விற்கிறவன் ஒருவன் பின்னால் கொட்டகை வைத்திருந்தான். நாற்காலி கிடையாது. டயர் மேல் உட்கார்ந்தோம். வெயிலில் ரப்பர் நாறியது.

வேலை போனவன் மலாக்கா செட்டி. நெற்றியில் திருநீறு இருக்கும். பார்த்தால் நம் ஆள். வாயைத் திறந்தால் மலாய். அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். பஸ்ஸில் எங்களோடு பழகிக் கொஞ்சம் தமிழ் பிடித்திருந்தான். அவன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் நான் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்தேன். அவன் என்னை அபாங் என்பான், மலாயில் அண்ணன். நான் தம்பி என்பேன்.

அவன் வேலை போன கதை இது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரும் தேதியைச் சொல்லப் போகிறார்கள் என்று பண்டார் ஹிலிர் திடலில் பெருங்கூட்டம். கூட்டம் கலைந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பஸ் தேடி வந்தார்கள். பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா, ரோட்டோரம் நின்றார். எங்கள் டிப்போ ஆபீசுக்கு அவர்தான் ராஜா. மேனேஜர் மேல்மாடியில் இருப்பார். இறங்கி வர மாட்டார். கிராணி கையை ஆட்டிக் கத்தினார்.

“ஏத்து! ஏத்து! இன்னிக்குத் தலை எண்ணாதே! எவன் கேட்டாலும் நான் பாத்துக்கறேன்!”

முன் பஸ் அவனுடையது. பின் பஸ் என்னுடையது. நான் காதால் கேட்டேன். இரண்டு பேரும் ஏற்றினோம். தெங்கேரா வளைவில் அவன் பஸ் படியில் தொங்கிய கிழவர் ஒருவர் விழுந்து கை முறிந்தது. போலீஸ் வந்து கேட்டது. அளவுக்கு மீறி ஏற்றியது கண்டக்டர் தன் இஷ்டத்துக்குச் செய்தது என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. மறுநாள் அவன் பையையும் டிக்கெட்டில் ஓட்டை போடுகிற பஞ்ச்சையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவனுக்கு மறுபடி வேலை கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏற மாட்டோம். இதுதான் கூட்டத்தில் பேச்சு.

தலைவர் எழுந்தார். குரல் உள்ளவர்.

“ஏத்துன்னு சொன்னவன் நாற்காலியில உக்காந்திருக்கான். ஏத்தினவன் தெருவில நிக்கிறான். இன்னிக்கு இவன், நாளைக்கு நீ. மெர்டேக்கா வருதுன்னு பாட்டுப் பாடறோம். நம்ம டிப்போவுக்கு எப்ப வரும்?”

ஐந்து பேரில் வெற்றிலை போடுகிறவர் ஒருவர் உண்டு. அவர் துப்பிவிட்டு வந்து கேட்டார்.

“அதெல்லாம் சரி தலைவரே. தமிழ்ல ஒரு வார்த்தை ஒழுங்காப் பேசத் தெரியாதவனுக்காக எம் புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?”

“அவன் சங்கத்து ஆளுலா.”

“சங்கத்து ஆளு. சொந்த வீடு உள்ள ஆளு. எனக்கு என்ன இருக்கு? நாளைக்கு என் பையைப் புடுங்கினா எஸ்டேட்டுக்கே திரும்பிப் போகணும். அங்கயும் எடுக்க மாட்டான்.”

செட்டிக்கு முக்கால்வாசி புரிந்தது. முகம் கறுத்தது.

சீனர்களில் அண்ணன் மலாயில் சொன்னார், பயந்தவன் வீட்டில் இருக்கட்டும் என்று. வெற்றிலைக்காரர் எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். மலாய்க்காரர் ஒருவர் நடுவில் புகுந்து விலக்கினார். கையைத் தூக்கி ஓட்டெடுப்போம் என்றார் தலைவர். யாரும் தூக்கவில்லை. அடுத்தவன் கையைப் பார்த்துத் தன் கையைத் தூக்கலாம் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது நான் பேசினேன். நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை.

“யாருக்கும் தெரியாமப் போடுவோம். எழுதத் தெரியாதவங்க இருக்கோம். டிக்கெட்டுல ஓட்டை போடுவோம். மேல் பாதியில போட்டா ஸ்ட்ரைக். கீழ்ப் பாதியில போட்டா வேணாம்.”

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. விலை மாறியதால் செல்லாமல் போன பழைய டிக்கெட் கட்டு ஒன்று என் பையில் இருந்தது. ஆளுக்கு ஒன்று கிழித்துக் கொடுத்தேன். ஒவ்வொருவராக டயர் அடுக்குக்குப் பின்னால் போனார்கள். டக் என்று ஒரு சத்தம் கேட்கும். மடித்துக்கொண்டு வந்து என் பையில் போடுவார்கள். செட்டியிடம் பஞ்ச் இல்லை. அதனால் அவனுக்கு ஓட்டு இல்லை. அவன் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியாக நான் போனேன். தரையில் வெட்டுத் துண்டுகள் கிடந்தன. நட்சத்திரம், மீன், முக்கோணம், குடை. காலால் ஒதுக்கிவிட்டு என் டிக்கெட்டில் ஓட்டை போட்டேன்.

பிரித்து எண்ணினோம். மேலே எட்டு. கீழே ஐந்து. ஸ்ட்ரைக் என்று முடிவாயிற்று. சீனத் தம்பி அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். செட்டி எல்லாருக்கும் கை கொடுத்தான். என் கையைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தான். டிக்கெட்டுகளை நூலால் கட்டி என் பைக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போய் அடுப்பில் போடுவது என்று சொல்லிக்கொண்டோம்.

நான்கு மணிக்குப் பஸ் ஏறினேன். ஏழு மணிக்கு இறங்கினேன். டிப்போ ஜன்னலுக்குப் போனேன். அங்கே என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தேன். ஒன்பது வருஷமாகச் செய்தது. பையைக் கவிழ்த்து உள்ளே இருப்பதை எல்லாம் ஜன்னல் பலகையில் கொட்டுவது. பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிக் காட்டுவது. திருப்பிக் காட்டாமல் போனால் திருட்டு என்று எழுதுவார்கள். கொட்டினேன், திருப்பிக் காட்டினேன், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்தேன், போய்விட்டேன். காஜா பேராங் முனையில் நடக்கும்போதுதான் நினைப்பு வந்தது. திரும்பி ஓடினேன். ஜன்னலை அடைத்துவிட்டார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. வெறும் ஓட்டை போட்ட டிக்கெட்டுதானே, அதில் யார் பெயர் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பாதி ராத்திரி எழுந்து உட்கார்ந்தேன். பெயர் இருக்கிறது.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு கண்டக்டர் பஞ்ச்சுக்கும் ஓட்டை வேறு வேறு. எந்த டிக்கெட்டை யார் வெட்டினார் என்று செக்கர் பார்த்த உடனே தெரியவேண்டும் என்பதற்காக. தலைவருக்கு நட்சத்திரம். செக்கர் மருமகனுக்கு மீன். வேலை போனவனுக்கு இலை இருந்தது. எனக்குச் சாவி. ஒரு நாளைக்கு நூறு தடவை வெட்டுகிறோம். பதின்மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருவனுக்கும் தோன்றவில்லை. கை தானாகச் செய்கிற வேலையைத் தலை பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த நோட்டீஸ் பலகையில் பதின்மூன்று டிக்கெட்டுகளும் வரிசையாகக் குத்தப்பட்டிருந்தன. மேலே ஒரு எழுத்து இல்லை. கீழே ஒரு எழுத்து இல்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை.

முதல் பஸ்ஸுக்கு வந்தவர்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கீழ்ப் பாதியில் இருந்த ஐந்து ஓட்டைகள்: எஸ்டேட் ஆட்களில் மூன்று பேருடையது. ஒரு நட்சத்திரம். ஒரு சாவி.

ஜன்னலுக்குள்ளிருந்து கிராணி எட்டிப் பார்த்தார்.

“என்னடா கூட்டம்? புதுப் படம் ஓடுதா? நல்லாப் பாருங்க. உங்க தலைவர் நடிப்பு ரொம்ப ஜோரு.”

தலைவர் பலகையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். சீன அண்ணன் அவரிடம் மலாயில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதைச் சொல்ல மாட்டேன்.

“டிக்கெட்டை யார் கொடுத்தது?” என்றார் வெற்றிலைக்காரர். அவர் டிக்கெட்டும் கீழேதான் இருந்தது. அதனால் அவருக்குத்தான் கோபம் அதிகம்.

எல்லார் கண்ணும் செக்கர் மருமகன் மேல் போயிற்று. அவன் மீன் மேல் பாதியில் இருந்தது. அவன் அதைக் காட்டினான்.

“நான் மேலதான் போட்டிருக்கேன். பாருங்க!”

“மேல போட்டு எங்களை ஏமாத்தறியா? மாமனுக்கு வால் பிடிக்கிற பய! டிக்கெட்டுக் கட்டை நீதான் தூக்கிக் கொடுத்தே!”

அவனைச் சுவரோடு சாய்த்தார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். பொத்தான் தெறித்து என் கால் பக்கம் உருண்டது. அவன் கையைக் கூப்பினான். அவனுக்கு என்னைவிட வயது குறைவு. அவன் மேலே போட்டிருந்தான். நான் கீழே போட்டிருந்தேன்.

“அவனை விடுங்க” என்றேன். “நான்தான் கொடுத்தேன்.”

விட்டார்கள். திரும்பினார்கள்.

“பை கொட்டும்போது சேந்து போச்சு. தெரியாமக் கொட்டிட்டேன். கைப் பழக்கம்.”

“கைப் பழக்கமா?” வெற்றிலைக்காரர் கிட்டே வந்தார். “ரகசியமாப் போடலாம்னு சொன்னது யாரு? நீ. டிக்கெட்டு கொடுத்தது யாரு? நீ. பையில வெச்சது யாரு? நீ. கொண்டு போய்க் கொட்டினது யாரு?”

கணக்குப் பார்த்தால் அப்படித்தான் வந்தது.

“கீழ போட்டதும் நீ” என்றான் மீன்காரன். சுவரோடு சாய்ந்தபடியே சொன்னான்.

முதல் அடி யார் அடித்தது என்று தெரியாது. இரண்டாவது அடி தலைவர் அடித்தது. அது தெரியும். உதடு கிழிந்தது. நான் திருப்பி அடிக்கவில்லை.

கிராணி வெளியே வந்து விலக்கினார். எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டார்.

“இவன் ஒருத்தன்தான்டா புத்தி உள்ளவன். செக்கர் வேலை காலியாகப் போகுது. யாரை வைக்கலாம்னு மேனேஜர் கேட்டாரு. நான் சொல்லிட்டேன்.”

மேனேஜர் கேட்டிருக்க மாட்டார். கிராணி சொல்லியும் இருக்க மாட்டார். அந்த ஒரு வார்த்தை போதும் என்று அவருக்குத் தெரியும். பத்து பேர் அதைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் செக்கர் வேலைக்காக விற்றவன் பேச்சுதான்.

“திங்கக்கெழமை வேலைக்கு வர்றவன் வரலாம். வராதவன் பஞ்ச்சை ஜன்னல்ல வெச்சுட்டுப் போகலாம். புது ஆளுங்க பேரு எழுதியாச்சு. மெர்டேக்கா வந்தா பஸ் தானா ஓடும்னு நெனச்சீங்களா?” என்றார் கிராணி. போய் உட்கார்ந்துகொண்டார்.

செட்டிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அவன் கிணற்றடியில் நின்றான். அவனும் டிப்போவுக்குப் போய்ப் பலகையைப் பார்த்திருந்தான்.

“அபாங்” என்றான்.

நான் நின்றேன்.

“உன் சாவி கீழே.”

“ஆமா.”

“நான் உன் கை பிடிச்சேன். டயர் கடையில.”

“ஆமா.”

“நீ சும்மா பிடிச்சே.”

எனக்கு மூன்று பிள்ளைகள், நாலாவது வயிற்றில் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். மற்றவர்கள் மேலே போடுவார்கள், என் ஒரு ஓட்டு கீழே போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன், ஸ்ட்ரைக் நடக்கும், எனக்கும் ஆபத்து வராது என்று கணக்குப் போட்டேன் என்று சொல்லலாம். உண்மை அதுதான். சொல்லவில்லை. சொன்னால் இன்னும் கேவலம்.

“கிராணி சத்தம் போட்டது நீ கேட்டே. ஏத்துன்னு. நீ மட்டும்தான் கேட்டே. போலீஸ்கிட்ட சொல்லு.”

“சொன்னா என் வேலையும் போயிடும்.”

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. அதற்குப் பிறகு மலாயில் பேசினான். மெதுவாகத்தான் பேசினான். மாசக் கடைசிக்குள் அறையைக் காலி செய்துகொடு என்றான். வாளியை எடுத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து அபாங் என்று அவன் கூப்பிடவில்லை.

என் பெண்டாட்டி எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு போட்டாள். உதட்டில் காயம், உப்பு எரிந்தது.

“செக்கர் வேலை நெசமா?” என்று கேட்டாள்.

“பொய்.”

“அப்ப அடி வாங்கினது?”

“அது நெசம்.”

அவள் குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு மோரை ஊற்றினாள்.

சனி, ஞாயிறு பஸ்ஸில் போனேன். டிரைவர் என்னிடம் பேசவில்லை. மணி அடித்தால் உடனே எடுக்க மாட்டார். வேண்டுமென்றே ஒரு நிமிஷம் நிற்பார். டிப்போவில் என் தண்ணீர்க் குவளைக்குள் யாரோ வெற்றிலை துப்பி வைத்திருந்தார்கள். யார் என்று கேட்கத் தேவையில்லை. குவளையைக் கழுவி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் முடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கிராணி கத்தியதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பெருவிரல் வைத்தேன். விசாரணை முடிந்துவிட்டது, பார்க்கிறோம் என்றார்கள். பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இதை நான் செட்டியிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய நாளில் சொல்லவில்லை, பிறகு சொல்லி என்ன.

திங்கட்கிழமை காலை டிப்போ கேட்டில் எல்லாரும் நின்றோம். நான் தள்ளி நின்றேன். கிட்டே போனால் அவர்கள் நகர்ந்தார்கள். உள்ளே புது ஆட்கள் ஏழெட்டுப் பேர் பையை மாட்டிக்கொண்டு பஸ் பக்கத்தில் நின்றார்கள். அவர்களுக்கு இன்னும் பஞ்ச் கொடுக்கவில்லை.

செட்டி எதிர்ப்பக்க ரோட்டில் நின்றான். எத்தனை பேர் உள்ளே போகப் போகிறார்கள் என்று பார்க்க வந்திருந்தான்.

தலைவர்தான் முதலில் நகர்ந்தார்.

“சங்கம் உசுரோட இருக்கணும்னா ஒருத்தன் உள்ள இருக்கணும்” என்றார். உள்ளே போனார். அவர் பின்னால் எஸ்டேட் ஆட்கள் ஐந்து பேரும் போனார்கள். அதில் இரண்டு பேர் மேல் பாதியில் போட்டவர்கள். வெற்றிலைக்காரர் என்னைத் தாண்டும்போது நின்றார்.

“வா செக்கரே. உனக்கென்ன பயம்?”

மலாய்க்காரர்களில் இரண்டு பேர் போனார்கள். சீன அண்ணன் தம்பியிடம் ஏதோ சொன்னார். தம்பி வேண்டாம் என்று தலையாட்டினான். அண்ணன் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினார். தம்பி அழுதுகொண்டே உள்ளே போனான். வீட்டுக்கு ஒருவன் வேலையில் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

மீதி இருந்தவர்கள் ஜன்னலுக்குப் போனார்கள். பலகையில் டிக்கெட்டுகள் அப்படியே இருந்தன. சீன அண்ணன் தன் பஞ்ச்சைச் சங்கிலியிலிருந்து கழற்றி வைத்தார். மலாய்க்காரர் வைத்தார். செக்கர் மருமகன் வைத்தான். அவன் மாமா பக்கத்தில் நின்று, “டேய், யோசிடா, உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நான் போனேன். சங்கிலி துருப்பிடித்து வளையம் வரவில்லை. பல்லால் கடித்துத் திறந்தேன்.

கிராணிக்கு ஆச்சரியம்.

“நீ எதுக்குடா? நீ கீழதானே போட்டே?”

“ஆமா.”

“பைத்தியமா உனக்கு? வெளிய நிக்கிறவன் உன்னைச் சேத்துக்குவான்னு நெனக்கிறியா?”

“இல்ல.”

“அப்புறம்?”

பஞ்ச்சை ஜன்னல் பலகையில் வைத்தேன். பையைக் கவிழ்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தாலும் திருப்பிக் காட்டினேன்.

கிராணி பிஸ்கட் டின் ஒன்றை இழுத்தார். பஞ்ச்சை உள்ளே போட்டார். மூடுவதற்கு முன் நான் எட்டிப் பார்த்தேன். அடியில் செட்டியின் பஞ்ச் கிடந்தது. அதை யாருக்கும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை என்று அப்போது தெரிந்தது. அதன் மேல் மற்றவர்களுடையது. எல்லாவற்றுக்கும் மேல் என்னுடையது.

எண்ணினேன்.

ஐந்து.